தொட்டிக்குள் என்ன இருக்கிறது?

புதுச்சேரிக்குத் தண்ணீர் தந்த ஆயி – வீட்டுத் தண்ணீரைக் காக்கும் வழிகள்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடங்களில் ஒன்று பாரதி பூங்கா. கவர்னர் மாளிகைக்கு எதிரே, மரங்களுக்கு நடுவே, வெள்ளை வெளேர் என்று ஒரு மண்டபம் அங்கே நிற்கிறது. உயர்ந்த தூண்கள், வளைவான வாசல்கள். பார்த்தால் ஐரோப்பாவில் இருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கும்.

"எந்த ராஜாவின் நினைவாகக் கட்டினார்கள்? எந்த யுத்தத்தில் ஜெயித்ததற்காகக் கட்டினார்கள்?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது உண்டு.

ராஜாவும் இல்லை, யுத்தமும் இல்லை. ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரால் நிற்கும் மண்டபம் அது. அவள் பெயர் ஆயி. அதனால் அது "ஆயி மண்டபம்". புதுச்சேரி அரசாங்கத்தின் சின்னத்தில் இருப்பதும் இந்த மண்டபம்தான்!

மாளிகையா, கோயிலா?

ஊர் மக்கள் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவரும் கதை இது.

விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் காலம். (அவர் ஆண்டது 1509 முதல் 1529 வரை.) ராயர் இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. தூரத்தில் ஒரு கட்டிடம் தெரிந்தது. உள்ளே விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. கோயில் என்று நினைத்து, ராயர் கை கூப்பிக் கும்பிட்டார்.

அது கோயில் அல்ல. ஆயி என்ற தாசியின் வீடு.

விஷயம் தெரிந்ததும் ராயருக்குக் கோபம் பொங்கியது. வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கும்படி உத்தரவு போட்டார். ஆயி அழுதாள், மன்றாடினாள். வீட்டைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்ததும் வேறு ஒரு வரம் கேட்டாள். வீட்டைத் தன் கையாலேயே இடித்து, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிக்கொள்ள அனுமதி வேண்டும் என்றாள். ராயர் மனம் இளகினார்.

ஆயி தன் சொத்து முழுவதையும் செலவழித்துக் குளம் வெட்டினாள். அந்த இடம்தான் புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள முத்திரையர்பாளையம்.

முந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஓடிவிட்டன. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. கடற்கரையை ஒட்டிய நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தியாக இருந்த சமயம் அது (1852 முதல் 1870 வரை). லமைரெஸ் என்ற பிரெஞ்சு இஞ்சினீயர், முத்திரையர்பாளையத்தில் இருந்து நகருக்குக் கால்வாய் அமைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வேலை வெற்றியாக முடிந்த செய்தி சக்கரவர்த்தியின் காதுக்குப் போனது. குளத்தை வெட்டியது யார் என்று அவர் விசாரித்தாராம். ஆயியின் கதையைக் கேட்டு, அவள் பெயரால் மண்டபம் எழுப்பச் சொன்னாராம். ஒரு ராஜா இடிக்கச் சொன்ன வீட்டுக்காக இன்னொரு ராஜா மண்டபம் கட்டினார்!

ஊருக்கு ஒரு தொட்டி போய், வீட்டுக்கு இரண்டு

அந்தக் காலத்தில் ஊருக்கெல்லாம் பொதுவாக ஓரிரண்டு இடத்தில் தண்ணீர் கிடைக்கும். பெண்கள் குடத்தோடு போவார்கள். மொண்ட தண்ணீர் அன்றைக்கே தீர்ந்துவிடும். மறுநாள் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் பிடிப்பார்கள்.

இன்று அப்படி இல்லை. பொதுப்பணித் துறை குழாயில் தண்ணீர் விடுகிறது. அது வாசலில் தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் விழுகிறது. பிறகு மோட்டார் அதை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. மாடித் தொட்டியில் இருந்து குளியலறைக்கும் சமையலறைக்கும் இறங்குகிறது. ஆக, வீட்டுக்கு இரண்டு தொட்டிகள்.

அந்தத் தொட்டிகளைத் திறந்து பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வராது. சில வீடுகளில் வீடு கட்டிய பிறகு திறக்கவே இல்லை என்பார்கள்!

பல மைல் தூரம் பத்திரமாக வந்த தண்ணீர், வீட்டுக்குள் கடைசி இருபது அடியில் கெட்டுப்போகிறது.

உப்பு எப்படி வந்தது?

தொட்டியைத் திறப்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். புதுச்சேரி நகரம் குடிப்பது பெரும்பாலும் நிலத்தடி நீர். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் மழை நீரைப் பிடித்து, சுற்று வட்டாரத்து மண்ணுக்குள் இறக்குகின்றன. ஆழ்குழாய்க் கிணறுகள் அதை மேலே எடுக்கின்றன. ஒரு காலத்தில் புதுச்சேரிப் பகுதியில் துளை போட்டால் போதும், மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி மேலே வந்த இடங்கள் உண்டு. 19-ம் நூற்றாண்டிலேயே இது பேர்பெற்ற சங்கதி.

இப்போது அந்தக் காட்சி இல்லை. நீர்மட்டம் இறங்கிவிட்டது. கடலோரத்தில் பல கிணறுகள் உப்புக் கரிக்கின்றன.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு. கடல் தண்ணீர் கனம். கடலோரத்து மண்ணுக்குள் நல்ல தண்ணீர் மேலேயும் உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கும். பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல! கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும். ஹாலந்து தேசத்து கைபன் என்பவரும், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பர்க் என்பவரும் ஏறக்குறைய நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது.

கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி தண்ணீரை இறைத்துவிட்டால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏறி வரும்! கடற்கரைத் தெருவில் மோட்டார் போட்டு இரவு பகலாக இறைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். கிருமியை யார் கண்டுபிடிப்பது?

1883-ம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்தார். காலரா கிருமியைத் தேடி வந்தார். நோயாளிகளிடம் மட்டும் அல்ல, ஜனங்கள் குளித்து, துவைத்து, குடிக்கவும் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குளத்துத் தண்ணீரிலும் அதைக் கண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, 1892-ல், ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் காலரா பரவியது. எல்ப் ஆற்றின் கரையில் உள்ள ஊர் அது. பக்கத்திலேயே ஆல்டோனா என்ற ஊர். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. தெருவின் ஒரு பக்கம் ஹாம்பர்க், மறுபக்கம் ஆல்டோனா என்னும்படியான இடங்களும் இருந்தன. இரண்டு ஊரும் குடித்தது எல்ப் ஆற்றுத் தண்ணீர்தான். ஹாம்பர்க் ஊரின் சாக்கடை ஆற்றில் கலந்த பிறகு, அதற்குக் கீழே தண்ணீர் எடுத்தது ஆல்டோனா!

எந்த ஊரில் சாவு அதிகம் இருந்திருக்கும்? ஆல்டோனா என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் நடந்தது தலைகீழ். ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆல்டோனாவில் காலரா வேரூன்றவே இல்லை.

காரணம், ஆல்டோனா தன் தண்ணீரை மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஹாம்பர்க் அப்படியே கொடுத்தது.

மணலில் என்ன அதிசயம்? மணல் அழுக்கைத் தடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை செய்வது மணல் மட்டும் அல்ல. தண்ணீர் மெதுவாக இறங்கும்போது, சில நாட்களில் மணலின் மேலே ஒரு வழவழப்பான படலம் உண்டாகிறது. அதில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் கெட்ட கிருமிகளைத் தின்றுவிடுகின்றன. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் வந்த குடிநீர் நிலையமும் இந்த மணல் படுகை முறையில் அமைந்ததுதான்.

நம் வீடுகளில் பானைக்குள் மணலும் கரியும் போட்டு வடிகட்டும் பழக்கம் இருந்தது. அதில் கலங்கல் தெளியும், நாற்றம் குறையும். ஆனால் இன்று கழுவிப் போட்ட மணலில் அந்தப் படலம் இராது. ஆகவே கிருமி போகும் என்று நம்பக் கூடாது. தேற்றான் கொட்டையும் அப்படியே. பானையின் உட்புறத்தில் அதை இழைத்துவிட்டால் கலங்கல் திரண்டு அடியில் படிந்துவிடும். நல்ல கைமுறைதான். மேலே நிற்கும் தெளிவான தண்ணீரை மொண்டு, கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும்.

பிரெஞ்சுக்காரரின் மெழுகுவர்த்தி

எவர்சில்வர் பாத்திரத்துக்குள் வெள்ளையாக நிற்கும் "கேண்டில்" பல வீடுகளில் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தம் இருக்கிறது. இதன் மூதாதை பிரான்சில் பிறந்தது!

லூயி பாஸ்டர் என்ற பெரிய விஞ்ஞானியின் ஆராய்ச்சிசாலையில் ஷாம்பர்லான் என்று ஒருவர் வேலை செய்தார். 1884-ல் அவர் பீங்கானால் ஒரு குழல் செய்தார். பீங்கானில் உள்ள நுண்ணிய துளைகள் வழியே தண்ணீர் கசியும். கிருமிகள் நுழைய முடியாது. (சில நோய்களின் விஷம் அதையும் தாண்டி வந்தது. அந்த விசாரணையில் இருந்துதான் பிற்பாடு "வைரஸ்" என்பது உலகத்துக்குத் தெரிந்தது.)

இன்று கடைகளில் கிடைக்கும் கேண்டில்கள் எல்லாம் அத்தனை நுணுக்கமானவை அல்ல. வழவழப்புப் படிந்தால் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்புப் போடக் கூடாது. மயிரிழை விரிசல் கண்டாலும் தூக்கி எறிந்துவிட வேண்டும். விரிசல் வழியாக வரும் தண்ணீர் வடிகட்டிய தண்ணீர் அல்ல.

ஆர்.ஓ. என்னும் மெஷின் உப்பை எடுக்கும். கடலோரத்து வீடுகளுக்கு அது உபகாரம்தான். ஆனால் பல வீடுகளில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாகப் போகிறது. உப்பே இல்லாத தண்ணீர் வரும் தெருவில் ஆர்.ஓ. வாங்கி வைப்பது, தலைவலி இல்லாதவன் தைலம் தடவிக்கொள்வதுபோலத்தான்.

ஜாக்கிரதை! கம்பி வித்தை

வீடு வீடாக மெஷின் விற்க வருகிறவர்களில் சிலர் ஒரு வித்தை காட்டுவது உண்டு. இரண்டு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள். ஒன்று குழாய்த் தண்ணீர்; இன்னொன்று மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார்கள். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் செங்காவியாகக் கலங்கிப்போகும். மெஷின் தண்ணீர் அப்படியே இருக்கும். "ஐயோ, இத்தனை விஷத்தையா குழந்தைகளுக்குக் கொடுத்தோம்!" என்று தாய்மார் பதறிப்போவார்கள்.

அந்தச் சிவப்பு தண்ணீரில் இருந்து வந்தது அல்ல. கம்பியில் இருந்து வந்தது! தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்புக் கம்பி கரையும். மெஷின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் மின்சாரம் சரியாகப் பாயவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால், மெஷின் தண்ணீரிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும். வித்தைக்காரரும் கலங்கிப்போவார்.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

பேனா அளவில் ஒரு கருவி விற்கிறது. "டி.டி.எஸ். மீட்டர்" என்பார்கள். தண்ணீரில் நனைத்தால் ஓர் எண் காட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லி கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்பதற்கு அது ஒரு மதிப்பு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 500 வரை இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 2,000 வரை ஏற்கலாம். மாதம் ஒரு தடவை பார்த்துக் காலண்டரில் குறித்துவைத்தால், உப்பு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்த மீட்டர் கிருமியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. 150 என்று அழகாகக் காட்டும் தண்ணீரில் வாந்தி பேதிக் கிருமி இருக்கலாம். 900 காட்டும் தண்ணீர் கிருமி இல்லாமல் இருக்கலாம். மீட்டர் எண் குறைவாக இருக்கிறது என்று கைக்குழந்தைக்குக் கொதிக்கவைக்காமல் கொடுத்துவிடக் கூடாது.

கிருமி பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு எளிய சோதனைகள் உண்டு.

ஒன்று, குளோரின் சோதனை. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். அது வழி நெடுகக் கிருமிகளைக் கொல்லும் காவல்காரன். வீட்டுக்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். சிறிய குழாயில் தண்ணீரைப் பிடித்து மருந்து போட்டால் நிறம் மாறும். பழைய மருந்தில் மஞ்சள். இப்போது வரும் மருந்தில் இளஞ்சிவப்பு. நிறமே வராவிட்டால் காவல்காரன் இல்லை என்று அர்த்தம். தெருக்குழாயில் நிறம் வந்து, மாடித் தொட்டித் தண்ணீரில் வராவிட்டால்? வெயிலும் தொட்டி அழுக்குமாகச் சேர்ந்து காவல்காரனைத் தின்றுவிட்டன!

மற்றொன்று, கறுப்புப் புட்டி. மூன்று இந்திய விஞ்ஞானிகள் 1982-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளியிட்ட முறை இது. மருந்து தோய்த்த காகிதம் உள்ள சிறு புட்டியில், குறித்த அளவுக்குத் தண்ணீரை நிரப்பி மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீர் கறுத்துவிட்டால் மலம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளலாம். கறுத்த புட்டியைக் குழந்தைகள் தொடவிடக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்டு அரை மணி கழித்துத்தான் கொட்ட வேண்டும்.

புதுச்சேரியின் கிராமப்புற வீடுகள் எல்லாவற்றுக்கும் குழாய் இணைப்புக் கொடுத்தாகிவிட்டது என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. மத்திய அரசின் அந்தக் குடிநீர்த் திட்டத்திலேயே, கிராமத்துக்கு ஐந்து பெண்களைப் பொறுக்கி, தண்ணீர் சோதனைப் பெட்டி கொடுத்துப் பழக்குகிற ஏற்பாடும் இருக்கிறது. ஆயி பிறந்த மண்ணில் பெண்கள் கையில் தண்ணீர் சோதனை! பொருத்தம்தானே?

எந்த வழியாக நுழைகிறது?

மாடித் தொட்டியின் மூடி காற்றில் பறந்திருக்கும். அல்லது பாதி உடைந்திருக்கும். அந்தச் சந்தில் பல்லி விழும், புறாவின் எச்சம் விழும். நிரம்பி வழியும் குழாய்க்கு வலை கட்டாவிட்டால் அதுவும் ஒரு வாசல்தான். வெளிச்சம் ஊடுருவும் தொட்டியாக இருந்தால் பாசி பிடிக்கும். கறுப்புத் தொட்டி வைப்பது அதற்காகத்தான்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவது இல்லை. நம் குடிதண்ணீர் போன்ற நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் தலைப்பாடாகச் சொல்கிறார்கள்.

தரைத் தொட்டியில் ஆபத்து வேறு. மூடி தரையோடு தரையாக இருந்தால் மழைத் தண்ணீர் இறங்கும். சுவரில் வெடிப்பு இருந்து, பக்கத்தில் கக்கூஸ் தொட்டியும் இருந்தால், அதற்குமேல் சொல்லவே வேண்டாம். மூடியைத் தரைக்கு மேலே அரை அடியாவது உயர்த்திக் கட்டுவது ஒரு நாள் கொத்தனார் வேலை. இன்னொரு விஷயம். குழாயில் தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில், ஓட்டைகள் வழியாகச் சாக்கடைத் தண்ணீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காலையில் முதலில் வரும் ஒரு வாளித் தண்ணீரைச் செடிகளுக்கு விட்டுவிட்டு, பிறகு தொட்டிக்குத் திருப்புவது நல்லது.

தொட்டிக்குள் இறங்கும் முன்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது தொட்டியைக் கழுவ வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை, கோடை பிறக்கும்போது ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரை வடித்து, சேற்றை அள்ளி, சுவரையும் அடியையும் தேய்த்துக் கழுவிய பிறகு தொட்டியை நிரப்ப வேண்டும். ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மருந்து வாசனை வந்ததும் மூடிவிட வேண்டும். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். காலையில் எல்லாவற்றையும் வெளியே விட்டு, நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது.

வெள்ளக் காலத்தில் குடிக்கும் தண்ணீருக்கே மருந்து போட நேர்ந்தால் அளவு மிகக் குறைவு: ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம்தான். கலந்து, ஒரு மணி நேரம் கழித்து உபயோகிக்கலாம்.

பிளீச்சிங் பவுடரோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

தரைத் தொட்டிக்குள் இறங்குவது விளையாட்டு அல்ல. பல நாள் மூடிக் கிடந்த தொட்டியில் மனிதன் சுவாசிக்கும் காற்று இல்லாமல் போயிருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்து, ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் மாண்ட செய்திகள் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட வேண்டும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தனியாக ஒருவர் இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை மேலே ஆள் பிடித்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், கயிற்றால் இழுக்க வேண்டும். தீயணைப்புப் படைக்குச் சொல்ல வேண்டும். முடிந்த மட்டும் உள்ளே இறங்காமல், நீண்ட கழி கட்டிய பிரஷ்ஷால் தேய்ப்பதே மேல்.

ஓடும் வீட்டின் தொட்டி

வீட்டுத் தொட்டி ஒரே இடத்தில் நிற்கிறது. ஊர் ஊராக ஓடும் தொட்டிகளும் இருக்கின்றன.

பாய்மரக் கப்பல் காலத்தில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகள்தான் சாமான்களை ஏற்றி இறக்கும். அந்தக் காலத்துக் கப்பல்களில் குடிதண்ணீர் மரப்பீப்பாய்களில் இருக்கும். சில வாரங்களில் அது பச்சையாகி நாறும். மாலுமிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். பிறகு இரும்புத் தொட்டிகள் வந்தன, நாற்றம் குறைந்தது.

இப்போது தரையிலேயே கப்பல் ஓடுகிறது! படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த பெரிய வேன்களில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வெகு சாதாரணம். கேரள அரசு 2021-ல் இதற்கென்றே ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டால் புதுச்சேரிக்கு மூன்று மணி நேரப் பயணம். கல்யாணக் கோஷ்டியும் கோயில் யாத்திரைக் கோஷ்டியும் வேனில் டிரம் வைத்துத் தண்ணீர் கொண்டுபோவதும் இதே ஜாதிதான்.

இந்தத் தொட்டிக்குச் சில தனிக் கஷ்டங்கள் உண்டு. ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு தண்ணீர் ஏறும். வெயிலில் வண்டி நிற்கும்போது தண்ணீர் சூடேறிக் கிருமி பெருகும். வண்டி குலுங்கும்போது அடியில் படிந்த வண்டல் மேலே கிளம்பும். தோட்டத்துக்கு விடும் ரப்பர் குழாயால் நிரப்பினால் ரப்பர் வாடை வேறு. குடிதண்ணீருக்கென்று தனிக் குழாய் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் தண்ணீரை வடித்து, இரண்டு முனையையும் மூடி வைக்க வேண்டும்.

வடிகட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். தொட்டிக்குள் தண்ணீர் ஏறும் வாயில் வண்டல் வடிகட்டி வைக்கலாம். ஆனால் கரி வடிகட்டியை அங்கே வைக்கக் கூடாது. கரி நாற்றத்தை எடுப்பதோடு குளோரினையும் எடுத்துவிடும். பிறகு தொட்டிக்குள் நிற்கும் தண்ணீருக்குக் காவல் ஏது? கரி வடிகட்டி தொட்டிக்குப் பிறகு, குடிக்கும் குழாயின் பக்கத்தில் இருக்க வேண்டும். மாடித் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதே விதிதான்.

எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று காட்டும் முள்ளோ மிதவையோ சில வண்டிகளில் இருக்கும். பாசி பிடித்தால் மிதவை சிக்கிக்கொண்டு, காலித் தொட்டியைப் பாதித் தொட்டி என்று காட்டும். தொட்டியோடு சேர்த்து அதையும் துடைக்க வேண்டும். நூறு லிட்டர் தொட்டிக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடரின் தெளிவு, சில மணி நேரம், பிறகு இரண்டு மூன்று அலசல். பயணம் கிளம்புவதற்கு முந்தின நாள் இதைச் செய்துவிடலாம்.

ஊர் திரும்பியதும் மிச்சத் தண்ணீரை அடுத்த பயணத்துக்கு என்று விட்டுவைக்காமல், அடிக்குழாயைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, கொசு நுழையாதபடி வாயில் வலை கட்டி உலர விட வேண்டும்.